நேரில் வந்து திட்டு

அந்த அறையில் பேசுவது அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் அவளைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதித் தொலை. ஆனா என்னை நல்லவளா காட்டினே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். கை எனக்கு வேண்டும்.

அவளுக்கு ஐஸ் என்று பெயர் வைத்தவர்கள் அவசர அழைப்பு மையத்துக்காரர்கள். பதினோரு வருஷம் அங்கே எட்டாம் நம்பர் மேசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். ஊரில் யாருக்கு என்ன ஆபத்து என்றாலும் முதலில் கேட்பது அவள் காதுதான். குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது, அப்பா மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறார், புருஷன் கத்தியோடு கதவுக்கு வெளியே நிற்கிறான். எதற்கும் அவள் குரல் ஒரு படி ஏறியதில்லை. பக்கத்து மேசைகளில் அழுதவர்கள் உண்டு, ஓடிப்போய் வாந்தி எடுத்தவர்கள் உண்டு. அவள் ஒரு அழைப்பை முடித்ததும் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பாள், அடுத்த பொத்தானை அழுத்துவாள். புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்று தெரிந்ததும் அந்தப் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. "ஐஸுக்கு ஏத்த இடமாப் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்திருக்காங்க" என்று கிண்டல் செய்வார்கள். அப்போதெல்லாம் அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு அந்த அழைப்பு வந்தது. மெத்தை தைக்கிற கம்பெனி ஒன்றின் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பெண். மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருக்கிறார்கள். இவள் ஒரு உறையைத் தைத்து முடித்துவிட்டுப் போகலாம் என்று மிஷினிலேயே இருந்திருக்கிறாள். கீழே பஞ்சும் ஸ்பாஞ்சும் அடுக்கிய கிடங்கில் தீ பிடித்து, படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை. ஐஸ் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசை பிசகாமல் செய்தாள். முகவரி கேட்டாள், தீயணைப்பு வண்டியை அனுப்ப வைத்தாள், துணியை நனைத்து மூக்கில் வைக்கச் சொன்னாள், தரையோடு தரையாகப் படுக்கச் சொன்னாள். கணினித் திரையில் வண்டி ஒரு பச்சைப் புள்ளியாக நகர்ந்து கம்பெனி வாசலில் போய் நின்றது.

"வண்டி வாசலுக்கு வந்துடுச்சும்மா. அங்கேயே இரு. எங்கேயும் நகராதே."

அந்தக் கம்பெனிக்கு இரண்டு வாசல். வரைபடத்தில் இருந்தது ஒன்றுதான். அது மூன்று வருஷமாகத் திறக்காத வாசல். உள்ளே மெத்தைக் கட்டுகளை அடுக்கிச் சுவர் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். ஆட்கள் புழங்கியதெல்லாம் பின்பக்கச் சந்து வழியாக. வண்டி சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர ஒன்பது நிமிஷம் ஆனது.

"அக்கா, இருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இருக்கேன். நான் உன்கூடத்தான் இருக்கேன்" என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். கடைசி நாலு நிமிஷம் கேள்வி வரவில்லை. கம்பெனியின் அலாரம் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. இவள் நிறுத்தவில்லை, அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பூட்ஸ் சத்தம், இருமல். யாரோ அந்த போனை எடுத்தார்கள். ஒரு ஆண் குரல், "யாருடி நீ? எந்த வாசலுக்கு அனுப்பினே? இங்க ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா, நீ கூட இருக்கேன்னு கொஞ்சிக்கிட்டு இருக்கியா?" என்று கத்திவிட்டு போனை வைத்தது.

அவள் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பொத்தானை அழுத்தினாள்.

விசாரணை நடந்தது. ஒலிப்பதிவை அவள் முன்னாலேயே மூன்று தடவை ஓட விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த ஆண் குரலோடுதான் முடிந்தது. வரைபடத்தில் பிழை, பணியாளர் மீது தவறில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மேலதிகாரி தோளில் தட்டிக் கொடுத்தார். அவள் ஆறு மாசம் ஒழுங்காக வேலைக்குப் போனாள். அப்புறம்தான் உடம்பு தன் வேலையைக் காட்டியது.

முதலில் இடது காது. அதன் பக்கத்தில் எது வந்தாலும் பிடிக்காமல் போனது. தலையணையில் அந்தப் பக்கம் சாய மாட்டாள். புருஷன் பின்னாலிருந்து பேசினால் கையில் இருப்பதை எறிவாள். ஒரு தடவை கரண்டி, ஒரு தடவை பூட்டு. வீட்டு ஃப்ரிட்ஜில் கதவு சரியாக மூடாவிட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜை உதைத்துச் சாய்த்துவிட்டாள். மெக்கானிக் வீட்டிலேயே ஃப்ரிட்ஜ் இல்லை என்று தெருவே சிரித்தது. புருஷன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனமும் அவளுக்கு ஆகவில்லை. "என்ன, நான் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டியா?" என்று சண்டைக்குப் போவாள்.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்து, எட்டி, காதில் வாயை வைத்து, "அம்மா, இருக்கியா, ஒன்னு சொல்லட்டா?" என்றாள். அறைந்த அறையில் பிள்ளையின் உதடு கிழிந்தது.

அதற்கப்புறம் அந்தப் பெண் அம்மாவிடம் பேசவில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதிச் சமையல்கட்டு மேடையில் வைத்துவிட்டுப் போனாள். 'பேனா வேணும்.' 'நாளைக்கு லீவு.' அந்தச் சீட்டுகளில் ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை என்பதைப் பின்னால் எங்களிடம் சொன்னாள். சொல்லும்போதும் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரிதான் இருந்தாள்.

டாக்டர் இது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனக்கோளாறு என்றார், மாத்திரை கொடுத்தார், பேச ஆள் வேண்டும் என்றார். துறை ஒரு போன் நம்பரைக் கொடுத்தது. எந்த நேரமும் கூப்பிடலாம், ரகசியம் காக்கப்படும். புருஷன் கெஞ்சியதால் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். காதில் வைக்காமல் மேசையில் ஒலிபெருக்கியில் வைத்துத்தான். இளம் குரல், இனிமையான குரல். நாலைந்து கேள்வி கேட்டது. பிறகு, "நீங்க தனியா இல்ல. நான் உங்ககூடத்தான் இருக்கேன்" என்றது.

"எங்கே இருக்கே?" என்றாள் இவள்.

"மேடம்?"

"எங்கே இருக்கேன்னு கேட்டேன். எந்தத் தெருவுல, எந்த நாற்காலியில? உன்கூட யாரு உட்கார்ந்திருக்காங்க? டீ குடிச்சியா? கூட இருக்கேன்னு சொல்ல வெக்கமா இல்ல? அதே வேலையை உன்னைவிட நல்லா செஞ்சவ நான்!"

போன் சுவரில் பட்டு மூன்று துண்டானது. அந்தப் பக்கத்துப் பெண் பாவம்தான், அவள் மேல் தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியம் எவ்வளவு தூரத்திலிருந்து சொல்லப்படுவது என்று இவளுக்குத் தெரியும். கம்பெனிக்கும் எட்டாம் நம்பர் மேசைக்கும் நடுவே பதினொரு கிலோமீட்டர்.

போனிலும் வர மாட்டேன் என்றால் வாரம் ஒரு நாள் நேரில் போய்க் கையெழுத்தாவது போட வேண்டும், இல்லாவிட்டால் மருத்துவ விடுப்பு கிடையாது என்று துறை சொன்னது. அப்படித்தான் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

அறை என்றால், இந்த வியாதி வந்த எங்களைப் போன்றவர்கள் வாரம் ஒரு நாள் கூடிப் பேசுகிற இடம், முதலுதவிப் பயிற்சிக் கூடத்துக்கு மேலே ஒரு மாடி அறை. நெஞ்சை அமுக்கிப் பழகுவதற்கான ரப்பர் பொம்மைகளை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள பொம்மைகள், எல்லாம் வாயைத் திறந்தபடி. எங்களில் யாரோ ஒருவர் அவற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நீள மேசை, சத்தம் போடுகிற மின்விசிறி. நடத்தியவர் ஓய்வு பெற்ற நர்ஸ், எல்லோருக்கும் சிஸ்டர். விபத்துப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர், அவருக்கும் இந்த வியாதி உண்டு. அறிவுரை சொல்ல மாட்டார். யாராவது அறிவுரை ஆரம்பித்தால், "உன் கதையைச் சொல்லு, அவ கதைக்கு நீ முடிவு எழுதாதே" என்பார். நான் அங்கே போய் அப்போது ஒரு வருஷம். நோயாளியோடு என் வண்டி கவிழ்ந்த பிறகு, வேறு வண்டி பின்னால் நகரும்போது வருகிற அந்தக் கீக் கீக் சத்தம் கேட்டாலே நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன்.

ஐஸ் கதவோரமாக உட்கார்ந்தாள். "நான் கையெழுத்துக்குத்தான் வந்தேன். யாரும் என்கிட்ட பாசம் காட்ட வேண்டாம்" என்றாள்.

"இங்க யாருக்கும் அவ்வளவு பாசம் கிடையாது" என்றார் சிஸ்டர்.

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் தீயணைப்புக்காரன் வந்தான். ஆள் உயரம் என்பதால் ஏணி என்று பெயர். முப்பத்தைந்து வயது, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில். எப்போதும் தாமதம், எப்போதும் எரிச்சல். உள்ளே நுழைந்ததும், "யார் இந்த ஃபேனை நிறுத்தினது?" என்றான்.

அவ்வளவுதான். ஐஸ் எழுந்து நின்றுவிட்டாள். பதினோரு வருஷம் குரல்களை மட்டுமே கேட்டவளுக்கு ஆள் முகம் தேவையில்லை. அந்த நாலு சொல்லே போதும்.

"மெத்தைக் கம்பெனி" என்றாள். "போனை எடுத்துக் கத்தினது நீதானே?"

விசாரணைத் தாளில் அந்த மேசை நம்பரை அவனும் படித்திருந்தான். "எட்டாம் நம்பரா நீ? ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு எங்களைச் சுவருக்கு அனுப்பி வெச்சவ நீதானா? சிஸ்டர், இவ இருக்கற இடத்துல நான் இருக்க மாட்டேன்."

"போடா. உன்னை யார் இருக்கச் சொன்னா? ஒரு பொண்ணு கையில இருந்து போனைப் புடுங்கித் திட்டின வீரன்!"

அவன் ஒரு நாற்காலியை உதைத்தான். அது அலமாரியில் மோதி, ரப்பர் பொம்மை ஒன்று என் மடியில் விழுந்தது. சிஸ்டர் நகரவில்லை. "போறவங்க போகலாம். ரெண்டு நாற்காலியும் அடுத்த வாரமும் இங்கேயேதான் இருக்கும்" என்றார்.

இரண்டு பேரும் போனார்கள், வேறு வேறு பக்கமாக. அடுத்த வாரம் இரண்டு பேரும் வந்தார்கள். அவள் வராவிட்டால் அவன் ஜெயித்த மாதிரி. அவன் வராவிட்டால் அவள் ஜெயித்த மாதிரி. நான் பார்த்ததில், ஆரம்பத்தில் அவர்களை அந்த மாடிப்படி ஏற வைத்தது அந்த வீம்பு ஒன்றுதான்.

இரண்டரை மாசம் இப்படியே ஓடியது. அவன் பேசினால் அவள் ஜன்னலைப் பார்ப்பாள். அவள் பேசினால் அவன் மூக்கால் சிரிப்பான். ஒரு நாள் அவன், "கன்ட்ரோல் ரூம் ஆளுங்களுக்கு இந்த வியாதி எப்படி வரும்? இவங்க எதையும் பார்க்கவே இல்லையே" என்றான். கையிலிருந்த டீயை அவன் சட்டையில் ஊற்றினாள். ஆறிப்போன டீ, அது ஒரு புண்ணியம். "பார்க்கலைடா. அதான். பார்க்காததை தினமும் புதுசு புதுசாப் பார்க்கறேன். நீ ஒரு தடவைதான் பார்த்தே" என்றாள். அவன் சட்டையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

பதினோராவது வாரமோ பன்னிரண்டாவது வாரமோ, கீழே பயிற்சிக் கூடத்தில் யாரோ புகை அலாரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்னால் சொல்லவில்லை. தரையைப் பிளந்துகொண்டு வருகிற மாதிரி சத்தம். நான் சுவரில் ஒட்டிக்கொண்டேன். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் ஐஸையும் காணோம், ஏணியையும் காணோம். இரண்டு பேரும் அந்த நீள மேசைக்கு அடியில். பக்கத்தில் பக்கத்தில்.

"நகரு" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ நகரு. நான்தான் முதல்ல வந்தேன்."

"என் கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, தெரியுதா?"

"உன்னை யார் இவ்வளவு நீளமா வளரச் சொன்னா?"

சத்தம் நின்ற பிறகும் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அவன் ஒரு மேசைக் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இன்னொரு மேசைக் காலை அதே மாதிரி பிடித்திருந்தாள்.

"ஒன்னு கேக்கறேன்" என்றாள். "பொய் சொன்னே, மூஞ்சியிலேயே குத்துவேன். அந்த ஒன்பது நிமிஷம் முன்னாடி நீங்க போயிருந்தா அவ பொழைச்சிருப்பாளா?"

அவன் வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான். பிறகு, "தெரியலை" என்றான்.

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா தெரியலைதான். பொழைச்சிருக்கலாம். அதுக்கு முன்னாடியே முடிஞ்சும் போயிருக்கலாம். நானும் தினம் அந்த நிமிஷங்களைத்தான் மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கறேன். எனக்கே விடை வரலை, உனக்கு எங்கேர்ந்து தர்றது?"

"நாய்" என்றாள்.

"சரி" என்றான்.

ஒன்றரை வருஷமாக எல்லோரும் அவளிடம் உன் மேல் தப்பில்லை என்றே சொல்லி வந்தார்கள். புருஷன், மேலதிகாரி, டாக்டர், தாளில் கையெழுத்துப் போட்டவர்கள், எல்லோரும் நல்லவர்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அங்கே இருந்தவர்கள் இல்லை. அங்கே இருந்த ஒரே ஒருவன் தெரியலை என்றான். அதைத்தான் அவளால் நம்ப முடிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய், உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டாளாம். புருஷன் பயந்துபோய் சிஸ்டருக்கு போன் செய்து, "என்னங்க ஆச்சு அவளுக்கு?" என்று விசாரித்தார்.

அதற்காக அவர்கள் சிநேகமாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சண்டை அப்படியேதான் இருந்தது. ஆனால் அவன் வரும் வரை சிஸ்டர் ஆரம்பித்தால் அவளுக்குப் பிடிக்காது. "அந்தப் பனைமரம் இன்னும் வரலை, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பாள்.

பிறகு ஏணி இரண்டு வாரம் வரவில்லை. நான் போன் செய்தேன், நல்லா இருக்கேன் அண்ணா, கொஞ்சம் வேலை என்றான். சிஸ்டரிடமும் அதையே சொன்னான். அவன் தம்பியிடமும் அதையே. எல்லோரும் சரி என்று விட்டுவிட்டோம். ஐஸ் மட்டும், அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னாள். சொன்னேன்.

"எப்பவாவது அவன் உன்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசியிருக்கானா?" என்றாள்.

யோசித்தேன். இல்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அழைப்பு மணியை அடிக்கவில்லை, அவளுக்கு மணி ஆகாது. கதவைக் கையால் குத்தினாள். உள்ளேயிருந்து, "யாரு?" என்றது குரல்.

"உன் எமன். திற."

"போயிடு. நல்லா இருக்கேன்னு எல்லார்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன்ல?"

"போன்ல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க."

அவன் திட்ட ஆரம்பித்தான். அவள் பிறந்த நேரத்திலிருந்து தொடங்கி, எட்டாம் நம்பர் மேசை வரைக்கும் வந்தான். கொலைகாரி என்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு என்ன திட்டு? ஆம்பளைதானே? நேர்ல வந்து திட்டு" என்றாள்.

ஜன்னல் வழியே உள்ளே தெரிந்தது. வீடு துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அவன் வீடு அப்படி இருக்க வாய்ப்பே இல்லை. அவன் உயிராக நினைத்த நாயைக் காணோம், யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தான். மேசை மேல் சாவிகள் ஒவ்வொன்றிலும், எது எந்தப் பூட்டுக்கு என்று எழுதிக் காகிதம் கட்டி வரிசையாக வைத்திருந்தான்.

"சாகப் போறியா?" என்று கேட்டாள். சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

திட்டு நின்றது.

"நான் போக மாட்டேன்" என்றாள். தலைக்கு நேரே வெயில் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் எங்கள் நம்பரைக் கொடுத்து எங்களுக்குச் சொல்லச் சொன்னாள். தான் நகரவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவளே சொன்னாள். அவன் மூக்கையும், நடையையும், பெண்டாட்டி விட்டுப் போன காரணத்தையும், அவன் டீயில் போடுகிற அஞ்சு கரண்டிச் சர்க்கரையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்தாள். நடுநடுவே உள்ளேயிருந்து ஒரு பதில் வரும். பதில் வருகிற வரைக்கும் ஆள் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவள், "யோவ், எனக்கு பாத்ரூம் போகணும். அவசரம். இப்பத் திறக்கறியா, இல்ல உன் வாசல்லயே உட்காரட்டா? நான் செய்வேன், உனக்குத் தெரியும்" என்றாள்.

கதவு திறந்தது. அவன் பத்து நாள் தாடியோடு, கண் உள்ளே போய், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தான். "கொல்லைப் பக்கம். விளக்கு எரியாது" என்றான்.

"நீயும் கூட வந்து வெளிய நில்லு. நின்னு பேசிக்கிட்டே இரு. பேச்சு நின்னுச்சுன்னா பாதியிலேயே எழுந்து வருவேன்."

நானும் சிஸ்டரும் ஆட்டோவில் போய் இறங்கியபோது, அந்தக் கழிவறைக்கு வெளியே நின்றுகொண்டு அவன் அழுதுகொண்டே அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அவள் பதிலுக்குத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினாறு நாள் இருந்தான். மாத்திரை மாற்றினார்கள், டாக்டர் தினமும் பேசினார். எங்களால் முடியாததெல்லாம் அங்கேதான் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் படியில் உட்கார வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் துறைக்குப் புது அதிகாரி வந்தார். மனநல உதவி எல்லாவற்றையும் கைபேசிக்குக் கொண்டுவந்துவிட்டதாகவும், மாடி அறை கணினிகள் வைக்கத் தேவைப்படுவதாகவும் கடிதம் அனுப்பினார். நாலு பேர் போய்ப் பார்த்தோம். மனிதர் தன்மையாகத்தான் பேசினார். "வீட்டிலிருந்தபடியே பேசலாம். முகம்கூடத் தெரியும். தினமும் எப்படி இருக்கீங்கன்னு அதுவே கேட்கும். நீங்க ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும்."

"நல்லா இருக்கேன்னு ஒரு பொத்தான் இருக்கா அதுல?" என்றாள் ஐஸ்.

"இருக்கு, முதல் பொத்தானே அதுதான்."

அவள் ஏணியைக் காட்டினாள். "இவன் அதை அமுக்கியிருப்பான். அமுக்கிட்டுச் செத்திருப்பான். உங்க கணக்குல நல்லா இருக்கறவங்க பட்டியல்ல இருந்திருப்பான்."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா."

"பதினோரு வருஷம் படாமத்தான் சார் இருந்தேன். அதோட விளைவுதான் உங்க முன்னாடி நிக்குது."

ஏணி நடுவே புகுந்து அதிகாரியை ஒரு வார்த்தை சொன்னான். அதை எழுத முடியாது. காவலாளியைக் கூப்பிட்டு எங்களை வெளியே அனுப்பினார்கள். அறை போய்விட்டது. ரப்பர் பொம்மைகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை.

இப்போது நாங்கள் கூடுவது ஆம்புலன்ஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற டயர் கொட்டகையில். என் பழைய ஃபோர்மேன் வியாழக்கிழமை நாலு மணிக்குச் சாவி தருகிறார். நாங்கள் அங்கே இருக்கிற வரை வண்டி எதையும் பின்னால் எடுக்கக் கூடாது என்று எனக்காக ஆட்களிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். டயர் மேல்தான் உட்கார்கிறோம். சிஸ்டரின் வெள்ளைப் புடவைகள் எல்லாம் கறுப்பாகிவிட்டன.

ஐஸ் ஹெட்போனை மறுபடி மாட்டவில்லை. ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் விசாரணை ஜன்னலில் உட்கார்கிறாள். மாசம் இரண்டு புகாராவது அவள் மேல் வருகிறது. ஆனால் அடிபட்டவரின் சொந்தக்காரர் கால் தடுமாறினால் ஜன்னலைத் தாண்டி வெளியே வந்து நின்றுவிடுகிறாள். மகள் இப்போது பேசுகிறாள், அவள் கண்ணுக்கு எதிரே வந்து நின்று. அவர்களுக்குள் முன்பிருந்தது முழுசாகத் திரும்பவில்லை, திரும்புமா என்றும் தெரியாது. வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறது. ஏணி தீயணைப்பு வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டு, தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கிற பிரிவில் இருக்கிறான்.

போன வியாழக்கிழமை மழை பெய்து கொட்டகை முழுக்கக் கொசு. ஒருவர் கொசுவர்த்தியைப் பற்ற வைத்தார். ஏணி பாய்ந்து அதை மிதித்து அணைத்தான். அவனுக்குப் புகை நாற்றம் ஆகாது. அணைத்ததும் கொசு வந்து ஐஸின் இடது காதோரம் ரீங்காரம் போட்டது. அவள் ஸ்பானரை எடுத்து எறிந்தாள். "பத்த வை!" என்றாள். "வெச்சா கொட்டகையையே இடிப்பேன்!" என்றான். அரை மணி நேரம் அதே சண்டை. புதிதாக வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் எழுந்து போகலாமா என்று சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் இன்னொரு டயரைக் காட்டி, அது கொஞ்சம் மெத்தென்று இருக்கும் என்றார்.

கடைசியில் ஏணி ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்தான். ஐஸ் தன் முறைக்குப் பேசி முடிக்கிற வரை, அவள் பக்கத்தில் நின்று, வாய்க்குள் ஏதோ முனகித் திட்டிக்கொண்டே, அவள் தலைப் பக்கம் விசிறிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் வேகமா வீசு, சோம்பேறி" என்றாள் அவள், பேச்சை விடாமல்.